கோதாவிலிருந்து கூண்டுக்கு – 7: இடுப்புக்கு மேலே ஒரு வித்தை

சென்ற அத்தியாயத்தில் மார்க் கோல்மனின் சரித்திரத்தைப் பார்த்தோம். எதிரியின் கால்களைப் பாய்ந்து வாரிக் கீழே சாய்த்து, எழவிடாமல் மேலே படர்ந்து அமர்ந்து, அடங்கும்வரை குத்துவது என்ற முரட்டு மார்க்கத்தைக் கூண்டுக்குள் கொண்டுவந்த அவர், 1997-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் அலபாமா மாநிலத்து டோத்தன் நகரில் டான் செவர்னை வென்று யு.எஃப்.சி.யின் முதல் ஹெவிவெயிட் சாம்பியன் ஆனதையும், அதே ஆண்டு ஜூலையில் மாரிஸ் ஸ்மித் என்னும் கிக்பாக்ஸிங் வீரரிடம் மூச்சு வாங்கிக் களைத்துப் பட்டத்தைப் பறிகொடுத்ததையும் சொல்லி நிறுத்தியிருந்தேன். கோல்மனும் அவர் வழி வந்தவர்களும் பிரீஸ்டைல் மரபைச் சேர்ந்தவர்கள். கால்களைப் பிடிப்பதே அவர்களுடைய பிரதான ஆயுதம். அந்தக் காலகட்டத்தில்தான், எதிரியின் கால்களைக் கையால் தீண்டுவதே குற்றம் என்று விதித்திருக்கும் வேறொரு மல்யுத்த மரபில் பதினைந்து ஆண்டுகள் ஊறியிருந்த ஒருவர், பெரும்பாலான மல்லர்கள் ஓய்வைப் பற்றி யோசிக்கும் 33 வயதில், ஒரு கல்லூரியின் உதவிப் பயிற்சியாளர் உத்தியோகத்தில் இருந்துகொண்டே, கூண்டுக்குள் நுழைந்தார். அவர் பெயர் ரேண்டி கூட்யூர்.

அவருடைய கதையைத் தொடங்குமுன் அவர் கற்ற வித்தையைப் பற்றிச் சற்று விஸ்தாரமாகவே சொல்லவேண்டியிருக்கிறது; ஏனெனில் அதை அறியாதவர்களுக்கு அவருடைய வெற்றிகள் எல்லாம் வெறும் அதிர்ஷ்டமாகவோ, வெறும் மனோதிடமாகவோ தோன்றிவிடக்கூடும். ஒலிம்பிக் அரங்கில் மல்யுத்தம் இரண்டு பிரிவுகளாக நடக்கிறது. பிரீஸ்டைலில் உடம்பின் எந்தப் பாகத்தையும் பற்றலாம், காலால் இடறலாம். கிரேக்க-ரோமானிய முறையிலோ இடுப்புக்குக் கீழே கைவைக்கலாகாது. காலைக் காலால் இடறி வீழ்த்துவதும் கூடாது. நெப்போலியனுடைய சேனையில் பணிபுரிந்த எக்ஸ்பிரயா என்பவர், 1848-ஆம் ஆண்டை ஒட்டிப் பிரான்ஸ் தேசத்துச் சந்தைகளில் காட்சிச் சண்டைகள் நடத்தியபோது ஏற்படுத்திய நியமம் இது என்று மல்யுத்த வரலாற்றாசிரியர்கள் சொல்லுகிறார்கள். 1896-இல் ஏதென்ஸ் நகரில் நடந்த முதல் நவீன ஒலிம்பிக் விழாவிலேயே இம்முறை மல்யுத்தம் இடம்பெற்றது.

கால்கள் விலக்கப்பட்டுவிட்டதால், போர் முழுவதும் மார்புக்கும் தோளுக்கும் கழுத்துக்கும் இடையே உள்ள குறுகிய இடத்தில் நடக்கிறது. எதிரியின் அக்குளுக்கடியில் தன் கையை நுழைத்து மேலே தூக்கிப் பிடித்தவனுக்கு ஆதிக்கம். அந்தக் கை வெளியே தள்ளப்பட்டவனுக்குச் சங்கடம். ஒருவன் தன் நெற்றியை மற்றவனுடைய தாடைக்கடியில் பொருத்தி முட்டிக்கொண்டிருப்பான். மற்றவன் அவனுடைய மணிக்கட்டைப் பற்றிக் கீழே இறக்கப் பார்ப்பான். பார்ப்பவர்களுக்கு இருவரும் சும்மா சாய்ந்துகொண்டு நிற்பதாகத்தான் தெரியும். ஆனால் எதிரியின் பாரம் எந்தப் பாதத்திலிருந்து எந்தப் பாதத்துக்கு மாறுகிறது என்பதைக் கண்ணால் காணாமல் மார்பின் ஸ்பரிசத்தாலேயே அறிந்து, அந்தக் கணத்தில் அவனை இழுத்தோ தள்ளியோ தூக்கியோ எறிவதற்குப் பல்லாண்டு அப்யாசம் வேண்டும். கூண்டுச் சண்டை பிறந்த புதிதில் இந்த ஞானத்துக்கு அங்கே என்ன உபயோகம் என்று யாருக்கும் புலப்படவில்லை. கால்களைப் பிடிக்கத் தெரிந்த மல்லனும், தரையில் கிடந்தபடியே கழுத்தை நெரிக்கத் தெரிந்த ஜியு-ஜிட்ஸு விற்பன்னனும் இருக்கும்போது, நின்றபடி மார்போடு மார்பு பொருதும் கலை ஒரு பாதிக் கலையாகவே எண்ணப்பட்டது.

கூட்யூர் 1963-ஆம் ஆண்டு ஜூன் 22-ஆம் தேதி வாஷிங்டன் மாநிலத்து எவரெட் நகரில் பிறந்தார். லின்வுட் உயர்நிலைப் பள்ளியில் படித்தபோது மாநிலப் பள்ளிச் சாம்பியன் ஆனார். 1982-இல் பட்டாளத்தில் சேர்ந்து, 1988 வரை 101-ஆவது வான்வழிப் படைப்பிரிவில் பணியாற்றி, சார்ஜெண்டு பதவி வரை உயர்ந்தார். குத்துச்சண்டையை முறையாகக் கற்றதும், மல்யுத்தத்தைத் தீவிரமாக எடுத்துக்கொண்டதும் அங்கேதான். பட்டாளத்தை விட்டு வந்தபின், சக மாணவர்களைவிட ஏழெட்டு வயது மூத்தவராக, ஓக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழகத்தில் மாணவரானார். அமெரிக்கக் கல்லூரி மல்யுத்தத்தில் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு உள்ள கீர்த்தி மிகப் பெரிது. 1991, 1992 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் அகில அமெரிக்கக் கல்லூரிப் போட்டியில் 190 பவுண்டுப் பிரிவின் இறுதிச் சுற்றை எட்டினார். இரண்டு ஆண்டுகளிலும் தோற்றார். இரண்டாம் முறை அவரைத் தோற்கடித்தவர், பிற்காலத்தில் அதே யு.எஃப்.சி. கூண்டில் எதிரிகளை நடுங்கவைத்த மார்க் கெர்.

கிரேக்க-ரோமானியப் பிரிவில் 1991-ஆம் ஆண்டு ஹவானாவில் நடந்த பான் அமெரிக்கன் விளையாட்டில் தங்கம் வென்றார். ஆனால் 1988, 1992, 1996 ஆகிய மூன்று ஒலிம்பிக் ஆண்டுகளிலும் அவர் அமெரிக்கக் குழுவின் மாற்று வீரராக மட்டுமே தேர்வானார். மாற்று வீரர் என்பவரின் நிலை எத்தகையது என்பதை விளையாட்டோடு பழகியவர்கள் அறிவார்கள். தேர்வு பெற்றவனுக்குச் சமமாக உழைக்கவேண்டும். அவனோடு தினமும் பொருதி அவனைத் தயார் செய்யவேண்டும். அவனுக்குக் காயம் பட்டாலன்றித் தனக்கு வேளை வராது. காயம் படவேண்டும் என்று நினைப்பதோ அதர்மம். இந்த விரதத்தை எட்டு ஆண்டுகளில் மூன்று முறை அனுஷ்டித்த ஒருவர், கசந்துபோகாமல், ஆரெகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இளைஞர்களுக்கு மல்யுத்தம் கற்பித்துக்கொண்டிருந்தார் என்பதே அவருடைய சுபாவத்தைப் பற்றி நமக்குப் பெரிதும் சொல்லுகிறது. இந்தத் தோல்விகள் அவருக்கு ஒரு நன்மையும் செய்தன என்று நான் கருதுகிறேன். தம்மைவிடச் சற்றே சிறந்தவர்களோடு ஓயாமல் பொருதியவருக்கு, எதிரியைக் கூர்ந்து படிக்கும் வழக்கம் இரத்தத்தில் கலந்துவிட்டது.

1997 மே 30-ஆம் தேதி, ஜார்ஜியா மாநிலத்து அகஸ்டா நகரில் நடந்த 13-ஆவது யு.எஃப்.சி.யில், நால்வர் மோதும் ஒரே இரவுப் போட்டியில் அவர் முதன்முதலாகக் கூண்டில் நின்றார். முதல் எதிரி டோனி ஹால்மே என்ற பின்லாந்துக்காரர். காட்சி மல்யுத்தத்தில் பெயர் பெற்ற பேருருவம். பின்னாளில் தம் நாட்டுப் பாராளுமன்றத்துக்கே தேர்ந்தெடுக்கப்பட்டவர். அவர் முட்டிமோத ஓடிவந்த வேகத்தையே பயன்படுத்திக் கீழே சாய்த்து, முதுகுப்புறம் சென்று கழுத்தை நெரித்து, 56 விநாடிகளில் கூட்யூர் ஆட்டத்தை முடித்தார். அடுத்து ஸ்டீவன் கிரஹாமும் வீழ்ந்தார். ஒரே இரவில் இரண்டு வெற்றிகள். ஆனால் அன்றிரவு ஜனங்கள் பேசியது அவரைப் பற்றி அல்ல.

அவர்கள் பேசியது விட்டோர் பெல்ஃபோர்ட் என்ற இருபது வயது பிரேசில் இளைஞனைப் பற்றி. அதே அகஸ்டா அரங்கில் டாங்க் ஆபட் என்ற பிரசித்தி பெற்ற சண்டைக்காரரை அந்த இளைஞன் 52 விநாடிகளில் ஒழித்துக்கட்டியிருந்தான். அதற்கு மூன்று மாதம் முன்பு டோத்தனிலும் இப்படித்தான், ஹெவிவெயிட் போட்டி முழுவதையும் சில நிமிஷ நேரத்தில் முடித்தான். இடது கை வீரன். இரண்டு கைகளும் மாறிமாறி விழும் வேகத்தில் எதிரிகளுக்கு எந்தக் கை எங்கிருந்து வந்தது என்பதே தெரியாது. அவனைத்தான் 1997 அக்டோபர் 17-ஆம் தேதி, மிசிசிப்பி மாநிலத்து பே செயிண்ட் லூயிஸ் என்னும் கடலோர ஊரில், தம்முடைய மூன்றாவது சண்டையில் 34 வயதுக் கூட்யூர் எதிர்கொள்ளவேண்டியிருந்தது. அவர் ஜயிப்பார் என்று நம்பியவர்கள் மிகச் சிலரே.

கூட்யூர் செய்தது எளிமையானது. எளிமையானதைச் செய்வதுதான் கடினம். பெல்ஃபோர்டின் பழைய சண்டைகளைக் கவனித்து, அவனுடைய பலம் முழுவதும் இடது கையிலும் முதல் சில விநாடிகளின் பாய்ச்சலிலும் இருக்கிறது என்று கண்டுகொண்டார். ஆகவே அந்த இடது கைக்கு எட்டாத திசையிலேயே வட்டமிட்டு நகர்ந்தார். பாய்ச்சலுக்கு இடைவெளி கிடைக்காதபடி, சமயம் பார்த்துச் சட்டென்று உள்ளே புகுந்து மார்போடு மார்பாகக் கட்டிப்பிடித்தார். பிடித்தபின் அது குத்துச்சண்டை அல்ல. பதினைந்து வருஷமாக அவர் குடியிருந்த வீடு. ஒரு கையால் எதிரியின் பின்கழுத்தை வளைத்துக் கீழே இழுத்து, தம் உடம்பின் பாரத்தையெல்லாம் அந்தக் கழுத்தின்மேல் தொங்கவிட்டு, மற்றக் கையால் அரையடி தூரத்திலிருந்து தாடையிலும் கன்னத்திலும் குட்டைக் குத்துகளாகக் கீழிருந்து மேலே செலுத்தினார். ஒவ்வொரு குத்தும் தனித்தனியே பார்த்தால் பெரிதல்ல. ஆனால் நனைந்த நெல்மூட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மல்லுக்கு நிற்பவன் எத்தனை நேரம் தாங்குவான்? சில நிமிஷங்களில் பெல்ஃபோர்டின் தோள்கள் கனத்தன; வாய் திறந்தது; கைகள் தாழ்ந்தன. 8 நிமிஷம் 16 விநாடியில், கீழே கிடந்து முகத்தை மூடிக்கொண்ட இளைஞனைக் காப்பாற்ற நடுவர் குறுக்கே விழுந்தார்.

குத்துச்சண்டையில் நடுவர் உடனே பிரித்துவிடும் அந்தக் கட்டிப்பிடி நிலையிலிருந்தே குத்தும் இந்த முறைக்கு ஆங்கிலம் பேசும் ரசிகர்கள் ‘டர்ட்டி பாக்ஸிங்’ என்று பெயரிட்டார்கள். இன்று உலகில் எந்தக் கூண்டுச் சண்டைப் பயிற்சிக்கூடத்துக்குப் போனாலும், கம்பிவலையோடு எதிரியை அழுத்தி நிறுத்தி அக்குளுக்கடியில் கை நுழைக்கும் பாடத்தைக் காணலாம். அந்தப் பாடத்துக்கு மூலபுருஷராக ஒருவரைச் சொல்லவேண்டுமானால், தயக்கமின்றிக் கூட்யூரைத்தான் சொல்வேன்.

பெல்ஃபோர்டை வென்று இரண்டு மாதம் கழித்து, டிசம்பர் 21-ஆம் தேதி ஜப்பானில் யோகோஹாமா நகரில், கோல்மனை வென்ற அதே மாரிஸ் ஸ்மித்தோடு 21 நிமிஷம் பொருதி, நீதிபதிகளின் தீர்ப்பால் ஹெவிவெயிட் பட்டத்தைக் கைப்பற்றினார். கோல்மன் எங்கே மூச்சை இழந்தாரோ அங்கே இவர் மூச்சைச் சேமித்தார். பார்ப்பதற்கு ரசமில்லாத சண்டை அது. ஆயினும் எதிரிக்கு வேண்டியதை ஒரு கணமும் கொடுக்காமலிருப்பது என்ற கொள்கைக்கு அதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

அந்தப் பட்டம் நிலைக்கவில்லை. ஒப்பந்த விவகாரத்தில் நிர்வாகத்தோடு பிணக்கு ஏற்பட்டு, கூட்யூர் விலகி, ஜப்பானில் சண்டையிடப் போய், அங்கே சில தோல்விகளைக் கண்டார். யு.எஃப்.சி.க்கும் அது கெட்ட காலம். செனட்டர் ஜான் மக்கெயின் போன்றவர்களின் எதிர்ப்பால் பல மாநிலங்கள் கூண்டுச் சண்டையைத் தடைசெய்தன. கேபிள் தொலைக்காட்சி நிறுவனங்களும் கைவிட்டன. விதிகளை ஒழுங்குபடுத்தி, கையுறை, எடைப்பிரிவு, சுற்றுகள், விலக்கப்பட்ட தாக்குதல்கள் முதலியவற்றை வரையறுத்த பிறகே இந்த விளையாட்டுக்கு மறுபிறவி கிடைத்தது. 2000 நவம்பர் 17-இல் அட்லாண்டிக் சிட்டியில் நடந்த 28-ஆவது யு.எஃப்.சி.தான் நியூ ஜெர்சி மாநில வாரியத்தின் அனுமதியோடு நடந்த முதலாவது. அந்த இரவில் கெவின் ராண்டில்மனை மூன்றாம் சுற்றில் வென்று, கூட்யூர் பட்டத்தை மீண்டும் சூடினார். அடுத்த ஆண்டு பெட்ரோ ரிஸ்ஸோ என்ற பிரேசில்காரரின் உதைகளால் கால் மரத்துப்போயும் ஐந்து சுற்று நின்று, பலர் ஒப்புக்கொள்ளாத ஒரு தீர்ப்பால் ஜயித்தார். நவம்பரில் அதே ரிஸ்ஸோவை மூன்றே சுற்றில் முடித்து, அந்தச் சர்ச்சைக்கும் முற்றுப்புள்ளி வைத்தார்.

பிறகு 2002. மார்ச்சில் ஜாஷ் பார்னெட் என்ற மிகப் பெரிய உருவம் அவரை இரண்டாம் சுற்றில் நசுக்கியது. பார்னெட் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கிப் பட்டத்தை இழந்தார் என்றாலும், தோல்வி தோல்விதான். செப்டம்பரில் ரிக்கோ ரோட்ரிகஸ். முதல் சுற்றுகளில் கூட்யூரின் கையே ஓங்கியிருந்தது. பாரம் மேலே கிடந்து அழுத்த அழுத்த அவர் தளர்ந்தார். ஐந்தாம் சுற்றில் விழுந்த முழங்கை அடியில் கண்குழி எலும்பு உடைந்து, தாமே தோல்வியை ஒப்புக்கொண்டார். 39 வயது. தம்மைவிட மிகுந்த எடையுள்ளவர்களைத் தாங்கி நிற்கும் காலம் போய்விட்டது என்று எல்லோருக்கும் தெரிந்தது, அவருக்கும் தெரிந்தது. அவர் ஓய்வு பெறவில்லை. 205 பவுண்டு எல்லையுள்ள லைட் ஹெவிவெயிட் பிரிவுக்கு இறங்கினார்.

அந்தப் பிரிவில் அப்போது டிட்டோ ஆர்ட்டிஸ் சாம்பியன். அவரோடு மோதக் காத்திருந்தவர் சக் லிடெல். ஆர்ட்டிஸ் ஒப்பந்தத் தகராறில் ஒதுங்கியிருந்ததால், 2003 ஜூன் 6-ஆம் தேதி லாஸ் வேகாஸில் லிடெலுக்கும் கூட்யூருக்கும் இடையே இடைக்காலப் பட்டத்துக்கான போட்டி ஏற்பாடாயிற்று. லிடெல் விசித்திரமான எதிரி. கல்லூரியில் மல்யுத்தம் பயின்றவர். ஆனால் அந்த வித்தையை எதிரியை வீழ்த்துவதற்கு அல்ல, தாம் விழாமல் நிற்பதற்கு மட்டுமே உபயோகித்தார். நின்றவாறே பின்வாங்கி வட்டமிட்டு, துரத்தி வருபவனை அகலமாகச் சுழன்று விழும் வலக்கையால் மண்ணைக் கவ்வச் செய்வார். அவரிடம் மல்லன் ஒருவன் போனால் ஒன்று வீழ்த்தமுடியாமல் களைப்பான், அல்லது வீழ்த்தப் போகும்போதே மயங்கி விழுவான் என்பது அனுபவ உண்மையாக இருந்தது.

எல்லோரும் எதிர்பார்த்தது கூட்யூர் கட்டிப்பிடிக்க ஓடுவார் என்பதையே. அவர் ஓடவில்லை. நடந்து போனார். கைகளை உயர்த்தி, தாடையை உள்ளிழுத்து, லிடெலின் சுழல் குத்துகள் வளைந்து வந்து சேருமுன், இரண்டு கைகளுக்கு நடுவே நேர்க்கோட்டில் குத்தினார். பட்டாளத்தில் பழகிய சாதாரணக் குத்துச்சண்டைதான். அதில் வர்ணஜாலம் எதுவுமில்லை. ஆனால் ஒவ்வொரு நேர்க்குத்தும் லிடெலை ஓரடி பின்னுக்குத் தள்ளியது. பின்னுக்குப் போனவர் கம்பிவலையில் முதுகு பட நின்றார். வலையில் முதுகு பட்டவரைக் கூட்யூர் கட்டிப்பிடித்துக் கீழே சாய்த்தார். எழுந்து வந்தால் மறுபடி நேர்க்குத்து. எதை எதிர்பார்ப்பது என்று லிடெலுக்குத் தெரியவில்லை. குத்தை எதிர்பார்த்துக் கைகளைத் தூக்கினால் இடுப்பு அகப்படும். வீழ்த்தலை எதிர்பார்த்துக் குனிந்தால் முகம் அகப்படும். மூன்றாம் சுற்றில் மார்பின்மேல் ஏறி அமர்ந்து கூட்யூர் பொழிந்த குத்துமழையில், 2 நிமிஷம் 39 விநாடியில் நடுவர் சண்டையை நிறுத்தினார்.

கூட்யூரின் அபிமானிகளைக் கேட்டால் பெரும்பாலோர் 2007-ஆம் ஆண்டுக் கொலம்பஸ் சண்டையைத்தான் அவருடைய சிகரம் என்பார்கள். அதற்குப் பின்னால் வருகிறேன். ஆனால் என் மதிப்பில் சிகரம் இந்த ஜூன் 6-ஆம் தேதிதான். மெதுவாக நகரும் எதிரியையும் அவசரக்காரனையும் வெல்வதற்கு உபாயம் உண்டு. தம் வித்தையை நன்கு அறிந்து, அதற்கு மாற்றும் தயாராக வைத்திருக்கும் எதிரியை, அவனுடைய சொந்தத் தொழிலாகிய நின்று குத்துவதிலேயே வென்றுகாட்டி, அதன் மூலமாகத் தம் பழைய வித்தைக்கு வாசலைத் திறந்துகொண்டது, கூண்டுச் சண்டையின் முப்பதாண்டுச் சரித்திரத்திலேயே அபூர்வமான புத்திசாலித்தனம்.

அந்தச் செப்டம்பர் 26-ஆம் தேதி ஆர்ட்டிஸ் வந்தார். 2000-ஆம் ஆண்டிலிருந்து பட்டத்தை வைத்திருந்து ஐந்து முறை காத்தவர். எதிரியை வீழ்த்தி வலையோடு அழுத்தி முழங்கையால் பிளப்பதில் நிகரற்றவர் என்று பெயரெடுத்தவர். கூட்யூர் அவரை அவருடைய முறையிலேயே, ஐந்து சுற்றுகளிலும், திரும்பத் திரும்பக் கீழே போட்டார். கடைசிச் சுற்று முடியச் சில விநாடிகளே இருந்தபோது, ஆர்ட்டிஸ் தலைகீழாக உருண்டு காலைப் பிடித்து முறுக்கப் பார்த்தார். கூட்யூர் காலைக் கொடுக்காமல், தம் முன்னே அகப்பட்ட சாம்பியனின் பின்புறத்தில், பள்ளிப்பிள்ளையைத் தண்டிக்கும் உபாத்தியாயர் மாதிரி, உள்ளங்கையால் அடித்தார். அரங்கமே சிரித்தது. 40 வயதில், யு.எஃப்.சி.யின் இரண்டு எடைப்பிரிவுகளில் பட்டம் வென்ற முதல் மனிதரானார்.

அதற்கடுத்த மூன்றாண்டுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2004 ஜனவரியில் பழைய எதிரி பெல்ஃபோர்டின் கையுறைத் தையல் கண்ணிமையைக் கிழித்ததால் 49 விநாடிகளில் பட்டம் போயிற்று. ஆகஸ்டில் அதே பெல்ஃபோர்டை மூன்று சுற்று புரட்டியெடுத்து அதைத் திரும்பப் பெற்றார். 2005 ஏப்ரலில் லிடெல் கணக்கைத் தீர்த்துக்கொண்டார். முதல் சுற்றிலேயே ஒரு வலக்கை. 2006 பிப்ரவரி 4-இல் மூன்றாவது மோதல். இரண்டாம் சுற்றில் மறுபடி அதே முடிவு. லிடெல் பாடம் கற்றிருந்தார். நேர்க்குத்துக்கு நேரே நிற்பதில்லை என்று தீர்மானித்து, கோணம் மாற்றி நகர்ந்து, முன்னே வருபவரின் வேகத்தையே அவருக்கு எதிராகத் திருப்பினார். கூண்டின் நடுவிலேயே கூட்யூர் ஓய்வை அறிவித்தார். அந்த ஆண்டே யு.எஃப்.சி. அவரைத் தன் கீர்த்திமான்கள் வரிசையில் சேர்த்தது.

ஓய்வு ஓராண்டுதான் நீடித்தது. ஹெவிவெயிட் பட்டத்தை வைத்திருந்த டிம் சில்வியா 6 அடி 8 அங்குல உயரம். கூட்யூர் 6 அடி 1 அங்குலம். சில்வியாவின் நீண்ட கைகள் எவரையும் நெருங்கவிடுவதில்லை. வீட்டிலிருந்து அவருடைய சண்டைகளைப் பார்த்த கூட்யூருக்கு அதில் ஒரு கணக்குப் புலப்பட்டது போலும். 2007 மார்ச் 3-ஆம் தேதி, ஒஹாயோ மாநிலத்துக் கொலம்பஸ் நகரில் சுமார் 19,000 பேர் முன்னிலையில், 43 வயதில் அவர் மீண்டும் கூண்டேறினார். மணி அடித்துப் பத்து விநாடி ஆகுமுன், தாழ்வாகத் தாக்குவதுபோல் பாவனை காட்டி, மேலிருந்து ஒரு வலக்கையை இறக்கினார்; அந்த மாமிசமலை மல்லாந்து விழுந்தது. கூட்டம் எழுப்பிய ஓசையைப் பதிவில் கேட்கும்போதுகூட உடம்பு சிலிர்க்கிறது. அதன்பின் இருபத்தைந்து நிமிஷமும் ஒரே மாதிரிதான்: தலையை அசைத்து உள்ளே புகுவது, குத்துவது, கட்டிப்பிடிப்பது, சாய்ப்பது. மூன்று நீதிபதிகளும் ஐந்து சுற்றையும் அவருக்கே எழுதினார்கள். கடைசி விநாடிகளை ஜனங்கள் எழுந்து நின்று உரக்க எண்ணினார்கள். அன்றைய ஆனந்தத்தைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. 2003-ஐச் சிகரமென்று நான் சொன்னது வித்தையைக் கருதி. மனிதரைக் கருதினால், ஜனங்கள் சொல்வதே சரியாக இருக்கலாம்.

ஆகஸ்டில் காப்ரியல் கொன்சாகாவின் உதையைத் தடுத்ததில் கை எலும்பு முறிந்தும், அந்தக் கையோடு சண்டையைத் தொடர்ந்து மூன்றாம் சுற்றில் ஜயித்தார். ரஷ்யாவின் ஃபெடோர் எமெலியானென்கோவோடு மோதவேண்டும் என்பது அவருடைய பெரிய ஆசை. அக்டோபரில் நிர்வாகத்தோடு முறித்துக்கொண்டு ராஜினாமா செய்ததற்கு அதுவும் ஒரு காரணம். நீதிமன்றம், ஒப்பந்தம், வாதப் பிரதிவாதம் என்று ஓராண்டு போயிற்று. அந்தச் சண்டை நடக்கவே இல்லை. நல்ல தேகநிலையில் ஒரு வீரனுக்கு எஞ்சியிருக்கும் ஆண்டுகள் சொற்பமாக இருக்கும்போது அதில் ஒன்று வழக்கில் கழிந்ததை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

2008 நவம்பரில் திரும்பி வந்தவரை, அப்போதுதான் நான்காவது சண்டைக்கு இறங்கிய ப்ராக் லெஸ்னர் இரண்டாம் சுற்றில் வென்று பட்டத்தை எடுத்துக்கொண்டார். லெஸ்னரும் கல்லூரி மல்யுத்தச் சாம்பியன். 265 பவுண்டு எல்லையைத் தொடும் உருவம். பட்டமில்லாத கூட்யூர் மேலும் மூன்றாண்டு பொருதினார். அவற்றில் இந்தத் தொடரின் வாசகர்களுக்குச் சுவையானது 2010 பிப்ரவரியில் நடந்தது. 1998-இலேயே கூட்யூரும் மார்க் கோல்மனும் மோதுவதாக இருந்து, கூட்யூரின் காயத்தால் அது நின்றுபோயிற்று. பன்னிரண்டு ஆண்டு கழித்து, 46 வயதுக்காரரும் 45 வயதுக்காரருமாக இருவரும் கூண்டில் சந்தித்தார்கள். கால்களை வாரும் மரபும், மார்போடு பொருதும் மரபும் ஒன்றையொன்று சோதிக்கவேண்டிய வேளை எப்போதோ கடந்துவிட்டிருந்தது; கூட்யூர் நின்றபடி அடித்துக் களைக்கவைத்து, இரண்டாம் சுற்றில் பின்னாலிருந்து கழுத்தை நெரித்தார். அதே ஆகஸ்டில் பாஸ்டனில், பல எடைப்பிரிவுகளில் உலகக் குத்துச்சண்டைப் பட்டம் வென்ற ஜேம்ஸ் டோனியை, தம் மரபு விலக்கிய காரியத்தையே செய்து, அதாவது குனிந்து கணுக்காலைப் பிடித்து, முதல் சில விநாடிகளில் கீழே போட்டு, சுற்று முடியுமுன் நெரித்து அடக்கினார்.

2011 ஏப்ரல் 30-ஆம் தேதி டொராண்டோவில் 55,000 பேர் கூடிய மைதானத்தில், லியோட்டோ மச்சிடா தாவி எழுந்து முன்னங்காலால் முகத்தில் உதைத்த உதையில் 47 வயதுக் கூட்யூர் இரண்டாம் சுற்றில் வீழ்ந்தார். 19 வெற்றிகள், 11 தோல்விகள். இத்தனை தோல்விகள் உள்ள வேறெந்தச் சாம்பியனுக்கும் இத்தனை மரியாதை கிடைத்ததில்லை.

அவர் ஆரெகனில் கிரெஷம் நகரில் இரண்டு நண்பர்களோடு சேர்ந்து நிறுவிய ‘டீம் குவெஸ்ட்’ பயிற்சிக்கூடத்தைப் பற்றி இதுவரை நான் எதுவும் சொல்லவில்லை, வேண்டுமென்றேதான் விட்டேன். அந்த நண்பர்களில் ஒருவர் மாட் லிண்ட்லண்டு, 2000-ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் கிரேக்க-ரோமானியப் பிரிவில் வெள்ளிப் பதக்கம் பெற்றவர். மற்றவர் 1992, 1996 ஆகிய இரண்டு ஒலிம்பிக்குகளிலும் அதே பிரிவில் பங்கேற்று, பிறகு ஜப்பானின் ‘பிரைடு’ அரங்கில் ஒரே சமயத்தில் இரண்டு எடைப்பிரிவுப் பட்டங்களை வைத்திருந்த டான் ஹெண்டர்சன். அடுத்த அத்தியாயம் அவருடையது.